ஒல்லிப் பெட்டி, குண்டுப் பெட்டி

நியூயார்க் நகரத்து மெட்ரோ ரயிலில் 6,500-க்கு மேல் பெட்டிகள் இருக்கின்றன. 472 நிலையங்கள். இரவு இரண்டு மணிக்குப் போனாலும் ரயில் வரும். 24 மணி நேரமும் ஓடும் ரயில் அது.

இத்தனை பெட்டிகளில் கண்ணை மூடிக்கொண்டு ஒன்றை எடுத்து, ஏதாவது ஒரு தடத்தில் விட்டால் ஓடுமா? ஓட வேண்டும் என்றுதான் தோன்றும். இரண்டு தண்டவாளங்களுக்கு நடுவே உள்ள இடைவெளி எல்லாத் தடத்திலும் ஒன்றுதான், 1,435 மில்லிமீட்டர். மின்சாரமும் ஒரே மின்சாரம்தான். ஆனாலும் ஓடாது. எடுத்தது குண்டுப் பெட்டியாக இருந்துவிட்டால், ஊரில் பல தடங்களில் நடைமேடையிலும் சுரங்கச் சுவரிலும் இடித்துக்கொண்டு நிற்கும்.

இந்தச் சிக்கல் 1904-லேயே தொடங்கிவிட்டது. அந்த வருடம் அக்டோபர் 27-ஆம் தேதி இன்டர்பரோ ரேப்பிட் டிரான்சிட் என்ற கம்பெனி நியூயார்க்கின் முதல் சுரங்க ரயிலை ஓட்டியது. அதன் பெட்டிகளின் அகலம் ஏறக்குறைய 2.6 மீட்டர். பத்து வருடம் கழித்து, புரூக்ளின் பக்கத்து இன்னொரு கம்பெனி தனக்கென்று பெட்டி செய்யும்போது, 'இவ்வளவு ஒல்லியாக எதற்கு? இன்னும் நாலு பேர் நிற்கட்டுமே' என்று அகலத்தைச் சுமார் 3 மீட்டர் ஆக்கியது. நகராட்சியே 1932-ல் தொடங்கிய புதுத் தடங்களும் இந்தக் குண்டு அளவைத்தான் எடுத்துக்கொண்டன. 1940-ல் இரண்டு கம்பெனிகளையும் நகராட்சியே வாங்கிவிட்டது. முதலாளி ஒருவர் ஆகிவிட்டார். சுரங்கம் மட்டும் இரண்டு அளவிலேயே இருந்துவிட்டது. பூமிக்கு அடியில், மேலே பெரிய பெரிய கட்டடங்கள் நிற்க, கிலோமீட்டர் கணக்கில் சுவரை இடித்து அகலப்படுத்த யாரால் முடியும்?

அதனால் இன்றைக்கும் அந்த ஊரில் 1, 2, 3 என்று எண் போட்ட ரயில்கள் ஒல்லி. ஏ, சி, எஃப் என்று எழுத்து போட்ட ரயில்கள் குண்டு. இன்று புதிதாகப் பெட்டி செய்யும் பொறியாளரும் 1904-ல் தோண்டியவர்கள் விட்டுப்போன அளவுக்குள்தான் செய்தாக வேண்டும்.

சரி, ஒல்லிப் பெட்டி குண்டுத் தடத்தில் ஓடலாமா? தாராளமாக ஓடலாம், எதிலும் இடிக்காது. ஆனால் நடைமேடைக்கும் பெட்டிக்கும் நடுவே ஏறக்குறைய ஒரு சாண் இடைவெளி வந்துவிடும். கணக்குப் போட்டுப் பாருங்கள்: 3 மீட்டர் 5 சென்டிமீட்டரிலிருந்து 2 மீட்டர் 62 சென்டிமீட்டரைக் கழித்து, இரண்டால் வகுங்கள். குழந்தையின் கால் உள்ளே போய்விடும். ஆகவே பயணிகளை ஏற்ற முடியாது. ஆனால் தண்டவாளம் ஏற்றிப்போகும் வண்டி, குப்பை அள்ளும் வண்டி போன்ற வேலை வண்டிகளைப் பொதுவாக ஒல்லி அளவில்தான் செய்கிறார்கள். அவை எந்தச் சுரங்கத்திலும் நுழைந்துவிடும்.

அகலத்தைப் போலவே நீளத்திலும் ஒரு சங்கதி உண்டு. இதற்கு ஒரு சோதனை செய்து பார்ப்போம். ஒரு பெரிய தாளில், தட்டை வைத்து ஒரு வளைவு வரையுங்கள். அதுதான் தண்டவாளம். ஒரு சின்ன அளவுகோலை எடுத்து, அதன் இரண்டு முனைகளும் அந்த வளைவின் மேலேயே இருக்கும்படி வையுங்கள். அளவுகோலின் நடுப்பகுதி வளைவை விட்டு உள்பக்கமாக விலகி நிற்கும். அந்த விலகலை அளந்து குறித்துக்கொள்ளுங்கள். இப்போது இரண்டு மடங்கு நீளமான அளவுகோலை அதேபோல வையுங்கள். விலகல் இரண்டு மடங்கு ஆகியிருக்கும் என்றுதானே நினைப்பீர்கள்? அளந்து பாருங்கள். நாலு மடங்குக்குக் குறையாது!

ரயில் பெட்டியும் இப்படித்தான். அதன் சக்கரங்கள் முன்னே ஒரு தொகுதி, பின்னே ஒரு தொகுதி. அந்த இரண்டு இடங்களில் மட்டும்தான் பெட்டி தண்டவாளத்தோடு சேர்ந்து திரும்பும். நடுப்பகுதி வளைவின் உள்பக்கம் பிதுங்கும், முனைகள் வெளிப்பக்கம் துருத்தும். பெட்டி நீளமாக நீளமாக இந்தப் பிதுக்கம் அதைவிட வேகமாக ஏறும்.

நியூயார்க்கின் எழுத்துத் தடங்களில் சுமார் 18 மீட்டர் பெட்டி, சுமார் 23 மீட்டர் பெட்டி என இரண்டு நீளம் இருக்கிறது. ஐந்து மீட்டர்தானே கூடுதல் என்று தோன்றும். ஆனால் வளைவில் பிதுக்கம் ஏறக்குறைய ஒன்றரை மடங்கு ஆகிவிடுகிறது. ஜே, எல், எம், இசட் ஆகிய தடங்களில் கூரான திருப்பங்கள் உண்டு. அங்கே இந்த நீளப் பெட்டிகள் போகவே கூடாது. ஒரே நகரம், ஒரே நிர்வாகம், ஒரே தண்டவாள அளவு. ஆனாலும் பெட்டிகளில் ஒல்லி ஒரு சாதி, குண்டு ஒரு சாதி, குண்டிலும் நீளம் ஒரு சாதி!

அப்படியென்றால் நீளப் பெட்டியை எதற்காகச் செய்தார்கள்? 1970-களின் தொடக்கத்தில் ஒரு சிக்கனக் கணக்கு போட்டார்கள். ஒரு ரயிலின் நீளம் ஏறக்குறைய 183 மீட்டர். 18 மீட்டர் பெட்டி என்றால் பத்து வேண்டும். 23 மீட்டர் பெட்டி என்றால் எட்டு போதும். இரண்டு பெட்டிக்கான சக்கரம், மோட்டார், பிரேக் எல்லாம் மிச்சம். நல்ல யோசனைதான். ஆனால் கதவை மறந்துவிட்டார்கள் என்றே சொல்வேன். இரண்டு வகைப் பெட்டியிலும் ஒரு பக்கத்துக்கு நான்கு கதவுகள். பத்துப் பெட்டிக்கு 40 கதவு. எட்டுப் பெட்டிக்கு 32 கதவு. அதே நீள ரயிலில் எட்டுக் கதவு குறைந்துபோயிற்று!

மெட்ரோ ரயிலில் கதவைவிட முக்கியமானது எதுவும் இல்லை. வேகம்கூட அப்புறம்தான். ஒரு தடத்தில் இரண்டு நிமிடத்துக்கு ஒரு ரயில் என்று வைத்துக்கொள்வோம். ஒரு மணி நேரத்துக்கு 30 ரயில். ஒரு பெரிய நிலையத்தில் கதவு போதாமல் கூட்டம் முட்டி மோதி, ஒவ்வொரு ரயிலும் பத்து விநாடி கூடுதலாக நிற்கிறது. பின்னால் வரும் ரயில் சுரங்கத்துக்குள்ளேயே காத்திருக்க வேண்டும். இடைவெளி 120 விநாடியிலிருந்து 130 ஆகிவிடும். 3,600-ஐ 130-ஆல் வகுத்தால் 27 முழு ரயில்தான் வருகிறது. மூன்று ரயில் காணாமல் போய்விட்டது! ரயிலுக்கு ஆயிரம் பேர் என்றால், மணிக்கு மூவாயிரம் பேர் நடைமேடையிலேயே நிற்கிறார்கள். பத்து விநாடி செய்கிற வேலை இது.

பிறகு வந்த பெட்டிகளில் நிர்வாகம் மறுபடியும் 18 மீட்டருக்கே திரும்பியது. 2023 மார்ச்சில் ஓடத் தொடங்கிய ஆர்-211 என்ற புதுப் பெட்டியில் கதவையே பெரிதாக்கிவிட்டார்கள். பழைய கதவு திறந்தால் 127 சென்டிமீட்டர், இது 147. ஒருவர் இறங்கும்போதே பக்கத்தில் இன்னொருவர் ஏறிவிடலாம்.

ஆர்-211 என்றதும் கேட்பீர்கள், 'அது என்ன ஆர்?' நகராட்சி பெட்டி வாங்கப் போடும் ஒப்பந்தங்களின் வரிசை எண் அது. 1930-களின் பெட்டிகள் ஆர்-1. அப்படியே எண் ஏறிக்கொண்டு வருகிறது. அங்கே ரயில் பைத்தியம் பிடித்த பையன்கள் தூரத்தில் விளக்கைப் பார்த்தே 'இது ஆர்-46, இது ஆர்-68' என்று சொல்லிவிடுவார்கள். நம் ஊரில் பஸ் வரும் சத்தத்திலேயே எந்த பஸ் என்று சொல்கிற ஆட்கள் இல்லையா?

சத்தம் என்றதும் ஒரு வேடிக்கை நினைவுக்கு வருகிறது. 2000-ல் வந்த ஆர்-142 போன்ற பெட்டிகள் நிலையத்தை விட்டுக் கிளம்பும்போது மூன்று சுரங்களைப் பாடும்! லெனார்ட் பெர்ன்ஸ்டைன் இசையமைத்த 'வெஸ்ட் சைட் ஸ்டோரி' என்ற நியூயார்க் கதையில் 'சம்வேர்' என்றொரு பாட்டு உண்டு. அதன் முதல் மூன்று சுரங்கள் மாதிரியே இருக்கும். யாரோ ரசிகர் வேண்டுமென்றே வைத்தது என்று பலர் நினைத்தார்கள். இல்லை, அது மோட்டார் பாடும் பாட்டு.

அந்த ரயில்களுக்கு மின்சாரம் மேலே கம்பியிலிருந்து வருவதில்லை. தண்டவாளங்களுக்குப் பக்கத்தில் மூன்றாவதாக ஒரு தண்டவாளம் ஓடும். அதில் 625 வோல்ட் நேர் மின்சாரம். டார்ச் பேட்டரியில் வருவதுபோல ஒரே திசையில் பாயும் மின்சாரம்தான் நேர் மின்சாரம். பெட்டியின் அடியில் இருக்கும் ஒரு தகடு அந்தத் தண்டவாளத்தின் மேல் உரசிக்கொண்டே போய் மின்சாரத்தை எடுக்கும். பழைய பெட்டிகளின் மோட்டார் அதிலேயே ஓடியது. ஆனால் அந்த மோட்டாருக்குள் கரித்துண்டுகள் உரசிக்கொண்டே இருக்கும். அவை தேயும், மாற்ற வேண்டும். புதுப் பெட்டிகளில் திசை மாறி மாறிப் பாயும் மாறு மின்சாரத்தில் ஓடும் மோட்டார். உரசித் தேயும் கரித்துண்டே இல்லை.

வருவது நேர் மின்சாரம், வேண்டியது மாறு மின்சாரம். என்ன செய்வது? நடுவே இன்வெர்ட்டர் என்ற கருவி இருக்கிறது. அதிலுள்ள மின்னணு சுவிட்சுகள் ஒரு விநாடிக்கு நூற்றுக்கணக்கான தடவை திறந்து மூடி, மின்சாரத்தைத் துண்டு துண்டாக நறுக்கி, மாறு மின்சாரமாக ஆக்கிக் கொடுக்கும். அந்த நறுக்கலுக்கு ஏற்ப மோட்டாரின் இரும்பும் கம்பிச் சுருளும் அதிரும். அதிர்ந்தால் சத்தம் வரத்தானே செய்யும்? வேகம் கூடக்கூட நறுக்கும் முறையைப் படிப்படியாக மாற்றுவார்கள். ஒவ்வொரு படிக்கும் ஒரு சுரம். அந்தப் படிகள் தற்செயலாக ஒரு பாட்டின் தொடக்கம் மாதிரி அமைந்துவிட்டன.

இதே மோட்டார் இன்னொரு வேலையும் செய்யும். பிரேக் போடும்போது சக்கரம் மோட்டாரைச் சுற்ற, மோட்டார் ஜெனரேட்டராக மாறி மின்சாரம் தரும். அந்த மின்சாரம் மூன்றாவது தண்டவாளத்துக்கே திரும்பிப் போய், பக்கத்தில் கிளம்பிக்கொண்டிருக்கும் இன்னொரு ரயிலுக்கு உதவும்.

பெட்டி எத்தனை வருடம் உழைக்கும்? இதில் அண்ணன் தம்பி கதை ஒன்று இருக்கிறது. அண்ணன், 1964-ல் வந்த ஆர்-32. பட் என்ற கம்பெனி செய்த 600 பெட்டிகள். வெளிப்புறம் முழுக்க எவர்சில்வர், உங்கள் வீட்டு டம்ளர் செய்த அதே வகை உலோகம். இரும்போடு குரோமியம் சேர்த்துச் செய்வது. காற்று பட்டதும் குரோமியம் மேலே கண்ணுக்குத் தெரியாத ஒரு மெல்லிய படலத்தைப் போட்டுக்கொள்ளும். கீறினாலும் படலம் மறுபடி உண்டாகிவிடும். அதனால் துரு ஏறாது, பெயின்ட் வேண்டாம். தகடு மெல்லியது என்பதால் வளையாமல் இருக்கப் பக்கவாட்டில் வரிவரியாக மடிப்பு வைத்திருந்தார்கள். பளபளவென்று வந்து நின்றதால் 'பிரைட்லைனர்' என்று பெயர்.

தம்பி, 1970-களின் தொடக்கத்தில் வந்த ஆர்-44. நான் முன்னே சொன்ன நீளப் பெட்டியில் அதுதான் முதலாவது. 2010 வாக்கில் அண்ணனை வீட்டுக்கு அனுப்பிவிடலாம் என்று நினைத்துக்கொண்டிருந்தபோது, தம்பியின் உடற்சட்டத்தில் கோளாறு தெரிந்தது. தம்பி முதலில் ஓய்வுக்குப் போனான். பெட்டி பற்றாக்குறையைச் சமாளிக்க அண்ணன் தொடர்ந்து ஓடினார். அவருடைய கடைசி ஓட்டம் 2022 ஜனவரியில். 57 வருடம்!

பெட்டி இப்படி நீண்ட நாள் உழைப்பதற்குப் பணிமனைதான் காரணம். 1980-களின் தொடக்கத்தில் ஒரு பெட்டி சராசரியாக ஏறக்குறைய 11,000 கிலோமீட்டர் ஓடினாலே ஏதாவது பழுதாகி நின்றது. வெளியே உள்ளே எல்லாம் கிறுக்கல் வேறு. பிறகு ஒரு முறையை மாற்றினார்கள். பாகம் கெட்டபின் பார்ப்பதை விட்டுவிட்டு, கெடுவதற்கு முன்பே, இத்தனை வருடத்துக்கு ஒருமுறை என்று கணக்கு வைத்து மாற்றத் தொடங்கினார்கள். 2000-களில் அந்த 11,000 கிலோமீட்டர் 2 லட்சத்தைத் தாண்டிவிட்டது. கிறுக்கல் உள்ள ரயிலைத் துடைக்காமல் வெளியே விடுவதில்லை என்றும் உறுதியாக நின்றார்கள். 1989 மே மாதம் கடைசிக் கிறுக்கல் ரயிலும் தடத்தை விட்டு எடுக்கப்பட்டது. அந்தக் காலத்தில் சில பழைய பெட்டிகளுக்குக் கிறுக்கல் எளிதில் துடைபடும் சிவப்பு பெயின்ட் அடித்தார்கள். அவற்றுக்கு 'ரெட்பேர்ட்', அதாவது செம்பறவை என்று பெயர் வந்தது.

செம்பறவைகளின் முடிவுதான் எனக்கு மிகவும் பிடித்த பகுதி. 1959-லிருந்து 1964 வரை செய்த சாதாரண எஃகுப் பெட்டிகள் அவை. ஓய்வு கொடுக்கும் நேரம் வந்தபோது ஒரு தொல்லை. சுவர்களுக்குள் ஆஸ்பெஸ்டாஸ் இருந்தது. உடைத்தால் அதன் தூசி காற்றில் பறந்து நுரையீரலுக்குள் போகும், ஆபத்து. பாதுகாப்பாக எடுக்கவோ நிறையச் செலவு. ஆனால் தண்ணீருக்கு அடியில் அது தூசியாகப் பறக்காது. எனவே சக்கரம், கண்ணாடி, கதவு, இருக்கை, எண்ணெய்ப் பிசுக்கு எல்லாவற்றையும் அகற்றிச் சுத்தம் செய்து, வெற்றுக் கூட்டை மிதவையில் ஏற்றி, அட்லாண்டிக் கடலில் கொண்டுபோய்த் தள்ளினார்கள்!

2001-ல் டெலவேர் மாநிலத்துக் கடலில் இது தொடங்கியது. கரையிலிருந்து ஏறக்குறைய 26 கிலோமீட்டர் தள்ளி, 24 மீட்டர் ஆழத்தில் 700-க்கு மேற்பட்ட செம்பறவைகள் கிடக்கின்றன. அந்தப் பகுதியின் கடல்தரை வெறும் மணல். சிப்பியோ மட்டியோ ஒட்டிக்கொள்ளக் கல் கிடையாது. குஞ்சு மீன் ஒளிந்துகொள்ள ஒரு பொந்து கிடையாது. பெட்டி போய் விழுந்ததும் ஒட்டிக்கொள்ளச் சுவர் கிடைத்தது, ஒளிந்துகொள்ள அறை கிடைத்தது, கதவு இருந்த ஓட்டை வழியே தண்ணீர் தாராளமாக ஓடியது. மட்டிகள் ஒட்டின, அவற்றைத் தின்னச் சிறு மீன்கள் வந்தன, சிறு மீன்களைத் தின்னப் பெரிய மீன்கள் வந்தன, பெரிய மீன்களைத் தேடித் தூண்டில்காரர்கள் படகில் வந்தார்கள்.

மற்ற மாநிலங்களும் 'எங்களுக்கும் கொடுங்கள்' என்று கேட்டு வாங்கின. 2008-ல் நியூஜெர்சி மாநிலம் 48 எவர்சில்வர் பெட்டிகளைக் கடலில் இறக்கியது. தரையில் துருவே பிடிக்காத வீரர்கள் அல்லவா? கடலில் இன்னும் நன்றாக நிற்கும் என்று எதிர்பார்த்தார்கள். சில மாதங்கள் கழித்து முக்குளிப்பவர்கள் போய்ப் பார்த்தால், பெரும்பாலானவை சரிந்து தகடு தகடாகக் கிடந்தன. சாதாரண எஃகால் செய்த செம்பறவைகளோ பல வருடம் பெட்டியாகவே நின்றவை!

குற்றம் துருவின் மேல் இல்லை. எவர்சில்வர் பெட்டியின் மெல்லிய தகடுகளைச் சட்டத்தோடு சின்னச் சின்னப் புள்ளிகளாக மட்டும் பற்றவைத்திருந்தார்கள். தண்டவாளத்தில் ஓடுவதற்கு அது போதும். கடலின் நீரோட்டம் இரவு பகலாக இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் தள்ளும்போது அந்தப் புள்ளிகள் ஒவ்வொன்றாக விட்டுப்போயின. செம்பறவையின் தகடு தடிமன். துரு மெதுவாகத்தான் தின்னும். நியூஜெர்சி மீதிப் பெட்டிகளை வேண்டாம் என்று சொல்லிவிட்டது. 2010-க்குள் மொத்தம் 2,500 பெட்டிகள் வரை கடலுக்குப் போய்ச் சேர்ந்திருந்தன.

நம்மூருக்கும் இந்தக் கூட்டத்தில் ஒரு சொந்தம் இருக்கிறது. நியூயார்க்கில் இப்போது ஓடும் பெட்டிகளில் எண்ணிக்கையில் பெரியது ஆர்-160. மொத்தம் 1,662 பெட்டிகள். அல்ஸ்டாம், கவாசாகி ஆகிய இரண்டு கம்பெனிகள் செய்தவை. அல்ஸ்டாம் செய்த பெட்டிகளின் கூடுகள் பிரேசில் நாட்டு சாவோ பாலோ நகரத்தில், லாபா என்ற இடத்து ஆலையில் உருவானவை. சென்னை மெட்ரோவுக்கு முதன்முதலில் கப்பலில் வந்த ரயில்களும் அதே லாபா ஆலையில் செய்தவைதான். அடுத்து வந்தவை ஆந்திராவில், தடாவுக்குப் பக்கத்து ஸ்ரீசிட்டியில் செய்யப்பட்டன. நம் ரயிலுக்கு மூன்றாவது தண்டவாளம் கிடையாது. மேலே போகும் கம்பியிலிருந்து 25,000 வோல்ட் மாறு மின்சாரம் எடுத்துக்கொள்கிறது. ஆனால் அதற்குள்ளும் மின்சாரத்தை நறுக்கிக் கொடுக்கும் இன்வெர்ட்டர் உண்டு.

அடுத்த தடவை சென்னை மெட்ரோவில் ஏறினால் மூன்று காரியம் செய்யுங்கள். ஒரு பெட்டிக்கு ஒரு பக்கம் எத்தனை கதவு என்று எண்ணுங்கள். கூட்டம் இல்லாத நிலையத்திலும் கூட்டமான நிலையத்திலும் கதவு எத்தனை விநாடி திறந்திருக்கிறது என்று கைக்கடிகாரத்தில் பாருங்கள். ரயில் கிளம்பும்போது பேச்சை நிறுத்திவிட்டு, சத்தம் எத்தனை படியாக ஏறுகிறது என்று கேளுங்கள். மூன்றையும் ஒரு அஞ்சலட்டையில் எழுதி எனக்கு அனுப்புங்கள். எந்த நிலையம், எத்தனை மணி என்பதைக் குறிக்க மறந்துவிடாதீர்கள். அது இல்லாவிட்டால் ஒருவர் கணக்கை இன்னொருவர் கணக்கோடு ஒப்பிட முடியாது.